மூடுபனிக் கோல்

பிரென்மோர் ஊரின் பேட்ஜர்ஸ் அணி ஐம்பது வருடங்களாக ஐஸ் ஹாக்கி ஆடி ஒரு கோப்பையும் வென்றதில்லை. இதைக் கொண்டாட விழா எடுத்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. எழுத லோர்ன் பாவ்லுக்கைப் பிடித்தார்கள். அவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிறையப் படிப்பவர். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வருவதற்குள் ஒரு காப்பி ஆறிவிடும். இப்படிப்பட்டவர் நன்றாக எழுதுவார் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. இன்னொரு காரணமும் உண்டு. 1975 முதல் 1978 வரை மூன்று பருவங்கள், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அணியின் எல்லா ஆட்டங்களையும் பார்த்தவர் அவர்.

மாற்று கோல்கீப்பர் என்பது ஒரு தனிப் பிறவி. மற்ற பையன்கள் நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறி ஐஸில் இறங்குவார்கள். கோல்கீப்பர் மாறமாட்டான். அவன் காலை ஒடித்துக்கொண்டால்தான் மாற்றுக்காரனுக்கு வாழ்வு. அதுவரை மாற்றுக்காரன் நாற்பது ராத்தல் கவசத்தை மாட்டிக்கொண்டு பெஞ்சின் கதவருகே உட்கார்ந்திருப்பான். வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்து விடுவான். மூன்று பருவங்களும் லோர்ன் செய்தது அதைத்தான். முதன்மை கோல்கீப்பர் கார்த் ஐனர்சனின் கால் மூன்று பருவங்களும் கல்லு மாதிரி இருந்தது.

இலையுதிர் காலம் முழுக்க லோர்ன் ஐஸ் அரங்கத்தின் மாடி அறையில் அணியின் பழைய தாள்கள் அடங்கிய அட்டைப்பெட்டிகளோடு கிடந்தார். வரலாறு சுவாரசியமாகத்தான் இருந்தது. முதல் வருடச் சட்டைகளை யாரோ சிவப்புப் போர்வையோடு துவைத்துவிட்டதால், எதிரிகள் அஞ்ச வேண்டிய கரடிக் குணமுள்ள பிராணியின் பெயரைத் தாங்கிய பேட்ஜர்கள் அந்தப் பருவம் முழுக்க ரோஜா நிறத்தில் ஆடினார்கள். எண்பத்து மூன்றில் தொடர்ந்து முப்பத்தொரு தோல்வி. முப்பத்திரண்டாவது ஆட்டம் பனிப்புயலால் நின்றபோது ஊர்ப் பத்திரிகை ‘தோல்வி தடுக்கப்பட்டது’ என்று தலைப்புப் போட்டது. தொண்ணூற்றொன்றில் அணியின் பேருந்து வழியில் தீப்பிடித்தது. பயிற்சியாளர் முதலில் காப்பாற்றியது சீட்டுக்கட்டை.

சிக்கல் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருந்தது. அணியில் ஆடிய எல்லோருடைய பெயர்ப்பட்டியல். ஊரில் ஐம்பது வயது தாண்டிய எந்த ஆணைக் கேட்டாலும் தான் ஒரு பழைய பேட்ஜர் என்பான். பல் மருத்துவர், இறைச்சிக் கடைக்காரர், பாதிரியார் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் தேர்வு முகாமுக்கு வந்து மூக்கு உடைந்து வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் வரலாற்றில் இடம் கேட்டார்கள். கடுப்பான லோர்ன் ஒரு விதி எழுதினார்: போட்டி ஆட்டத்தில் ஒரு விநாடியாவது ஐஸில் இறங்கி ஆடியவர்களின் பெயர் மட்டுமே இடம்பெறும். விழாக் குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

பாவ்லுக் என்ற பெயர் வரும் இடத்துக்கு வந்தபோதுதான் தன் விதி தன் கழுத்தில் விழுந்திருப்பது அவருக்குப் புரிந்தது.

விழாக் குழுத் தலைவி மிர்னா ஸ்டெக் மாடியேறி வந்தாள். அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையை இருபது வருடமாக நடத்துபவள். அவள் நடந்தால் பின்னாலேயே வறுத்த வெங்காய வாசனை வரும்.

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும் லோர்ன். பட்டியல் முடிஞ்சுதா?”

லோர்ன் ஜன்னலைப் பார்த்தார்.

“உன்னைத்தான். முடிஞ்சுதா இல்லையா?”

“ஒரு பேர் பாக்கி.”

“யாரு?”

மிர்னா அவர் தோளுக்கு மேலாகக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். “பாசெட், பாட்டர்சன், அப்புறம் பெலிஷ்கோ. அட, நீயே இல்லையா?” அவள் கொஞ்சம் சிரித்துவிட்டாள். பிறகு அடக்கிக்கொண்டாள். “நீதான்ப்பா விதி போட்டே. உனக்காகத் தளர்த்தினா பாதிரியார் என்னைச் சும்மா விடமாட்டார். முன்னுரையில உன் பேரைப் பெரிசாப் போட்டுடறேன்.”

“சரி” என்றார் லோர்ன். சரியாக இல்லை. முன்னுரையில் பெயர் போடுவது, கதவு திறந்து விட்டவனுக்கு நன்றி சொல்வது போலத்தான்.

அவள் போன பிறகு ஏழாவது பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பல நாட்களாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்த தாள். 1978 ஏப்ரல், கோர்வில் அணியோடு நடந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஆட்டக் குறிப்பாளர் ஐவி டோர்வால்டின் அச்சுக் கோத்த மாதிரியான கையெழுத்து. ‘கோல்கீப்பர்: ஐனர்சன், அறுபது நிமிடம்.’

பொய். அறுபதில் நாற்பத்தொரு விநாடியைக் கழிக்க வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரலில் திடீரென்று வெயில் ஏறிவிட்டது. பழைய மர அரங்கத்தில் ஆயிரத்து இருநூறு பேர் மூச்சு விட்டார்கள். கீழே ஐஸ், மேலே சூடு, நடுவே மூடுபனி. ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் அது ஆடுகிறவர்களின் மார்பு வரை எழும்பி நின்றது. மேலே தொங்கிய கடிகாரம் தெளிவாகத் தெரியும். தன் காலில் சறுக்குக் காலணி இருக்கிறதா என்று தெரியாது. இப்படி ஆகும்போது ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்துவார். பையன்கள் ஆளுக்கொரு முனையில் படுக்கை விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சறுக்கி மூடுபனியைக் கலைப்பார்கள். மாநில இளைஞர் கோப்பைக்கான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து துணி உலர்த்துவது போல இருக்கும். ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் பட்டதில்லை.

அதே வெயில் இன்னொரு வேலையும் செய்திருந்தது. கார்த் வெளியூர்ப் பையன். அணிக்கு வரும் வெளியூர்ப் பையன்களை ஊர்க் குடும்பங்கள் தங்க வைத்துச் சோறு போடும். கார்த்துக்குச் சோறு போட்ட வீட்டம்மாள் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டிச் செய்த பதார்த்தத்தை ஒரு பகல் முழுக்கக் காரின் பின்பெட்டியில் வைத்திருந்து, பிறகு அவனுக்குப் பாசத்தோடு பதினான்கு பரிமாறியிருந்தாள்.

மூன்றுக்கு மூன்று சமநிலை. ஆறு நிமிடம் பாக்கி. விரிப்புகள் இரண்டாம் சுற்று போய்க்கொண்டிருந்தபோது கார்த் பெஞ்சுக்கு வந்தான். முகமூடிக்குள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. லோர்ன் கதவைத் திறந்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது, ‘அவர்’ ஆகாத காலம்.

“மெல், நான் போகணும்” என்றான் கார்த்.

பயிற்சியாளர் மெல் ரம்போல்ட் புகையிலையை மென்றுகொண்டே கேட்டார். “எங்கடா போகணும்? இறுதி ஆட்டம் நடக்குது.”

“இப்ப போகலேன்னா இங்கேயே நடக்கும்.”

மெல்லுக்கு விஷயம் புரிந்தது. அவர் லோர்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தார் என்றே சொல்லலாம். “உன் பேரு என்ன, லோர்னா? போ. போய் நில்லு. சும்மா நின்னாப் போதும்.”

யாரிடமும் சொல்ல நேரமில்லை. ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டார். லோர்ன் மூடுபனிக்குள் போய் வலையை முதுகால் தேடிப் பிடித்து நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான்: மீதி ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. அது ஒன்றுதான் தெரிந்தது. எங்கோ சறுக்குகள் உரசும் சத்தம், மட்டைகள் மோதும் சத்தம். “கார்த், இடது பக்கம் பாரு” என்று சொந்த அணித் தடுப்பாட்டக்காரன் அவனைப் பார்த்தே கத்தினான். ‘நான் கார்த் இல்லை’ என்று சொல்லலாமா என்று லோர்ன் யோசித்தான். யோசனை அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இருந்த வியாதி. அந்த யோசனையில் இருக்கும்போது கோர்வில்காரன் ஒருவன் நடுக்கோட்டிலிருந்து, ஆள் மாற்றுவதற்கு நேரம் கிடைக்கட்டும் என்று, பக்கைச் சும்மா தட்டிவிட்டான். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவசரமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து, லோர்னின் இரண்டு கால்களுக்கும் நடுவே போய், வலையில் ஓய்வெடுத்தது.

ஐந்து பதினொன்று.

அடித்தவனுக்கே தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மறுபடி விரிப்புகளோடு சுற்றி வந்தார்கள். அதற்குள் கார்த் வெளுத்துப் போய்த் திரும்பி வந்து வலையில் நின்றுகொண்டான். லோர்ன் போய்க் கதவருகே உட்கார்ந்தான். அவன் இல்லாதபோது யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று தெரியவில்லை. அவன் போனதைப் பெஞ்சில் இருந்த ஒருவனும் கவனித்திருக்கவில்லை.

நான்குக்கு மூன்று. தோல்வி. உடைமாற்றும் அறையில் மெல் இருவரையும் ஓரமாக இழுத்தார். “ஆள் மாத்தினதைக் குறிப்பாளர்கிட்ட சொல்லலை. வெளியே தெரிஞ்சா என் வேலை போயிடும். வாயைத் தைச்சுக்கங்கடா.” கார்த் உடனே ஒப்புக்கொண்டான். கோலை விட்டவன் என்ற பெயர், இறுதி ஆட்டத்தில் கழிவறையில் இருந்தவன் என்ற பெயரைவிட மேல் என்பது பத்தொன்பது வயதில் யாருக்கும் புரியும்.

இது நடந்து நாற்பத்தைந்து வருடம். மெல் போய்ச் சேர்ந்துவிட்டார். கார்த் ஊரோடு தங்கி அறுவடை இயந்திரம் விற்கிறார். இரண்டு தடவை மேயரும் ஆகிவிட்டார்.

லோர்ன் மறுநாள் காலை கூட்டுறவுக் கடைக்குப் போனார். பத்து மணிக்கு அங்கே நீள மேஜையைச் சுற்றிக் கிழவர்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு உலகத்தைத் திருத்துவார்கள். கார்த் நடுநாயகமாக இருந்தார்.

“கார்த், அந்தச் சர்க்கரையைத் தள்ளு. பார்த்து, விட்டுடாதே” என்றான் ஒருவன்.

“திருப்பி அவன்கிட்ட மெதுவாத் தள்ளாதீங்கடா, மெதுவா வந்தா அவனால பிடிக்க முடியாது” என்றான் இன்னொருவன்.

மேஜை குலுங்கியது. கார்த்தும் குலுங்கினார். “வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு விட்டேன். என் கடையில வந்து பாருங்க, ஒருத்தனையும் விடமாட்டேன்.” இதே வசனத்தை அவர் விளம்பரப் பலகையிலும் போட்டிருந்தார். இரண்டு தேர்தலிலும் இதைச் சொல்லித்தான் ஜெயித்தார். தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறவனை ஊருக்குப் பிடிக்கும். விழாவில் அவரை வலையில் நிறுத்தி, புகை விட்டு, அந்தக் கோலை மறுபடி போட்டுக் காட்டவும் ஏற்பாடாகியிருந்தது.

லோர்ன் அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து, கூடவே இயந்திரக் கடையின் முற்றத்துக்கு நடந்தார். வீடு மாதிரி உயர்ந்த ஒரு அறுவடை இயந்திரத்தின் நிழலில் இருவரும் நின்றார்கள்.

“என்னடா வேணும்? குளிருது. சீக்கிரம் சொல்லு.”

“அந்தக் கோல் எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“பட்டியல்ல என் பேர் வரணும். அந்த நாற்பத்தொரு விநாடிதான் நான் ஆடினது. வேற இல்ல.”

“உனக்குப் பைத்தியமா? ஊரே காறித் துப்பின கோல்டா அது.”

“தெரியும். நான் விட்டதுதானே.”

“மூணு வருஷம் என்னை மளிகைக் கடையில கூட முறைச்சாங்க. என் கார் மேல முட்டை அடிச்சாங்க. முட்டை வாங்கினது நானு. அதைத் தாங்கி, சிரிச்சு, பழக்கி, இப்போ அது என் கையில வந்து உக்காருது. சொகுசா வளர்ந்த பிறகு வந்து என் புள்ளைங்கிறே?”

“உன் புள்ளை இல்லையே கார்த்.”

“வளர்த்தது யாருடா?”

கார்த் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு. நாற்பத்தைந்து வருடமாக, ‘பாவம் கார்த், என் பழியைச் சுமக்கிறான்’ என்று நினைத்துத் தூக்கம் கெட்ட இரவுகள் அவருக்கு உண்டு. அந்த இரவுகளில் கார்த் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் போல.

“நீ எழுதினா நான் இல்லேன்னு சொல்லுவேன்” என்றார் கார்த். “யாரை நம்புவாங்க, யோசிச்சுக்க. அதுவுமில்லாம, நான் எங்கே இருந்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?”

“அதை நான் எழுத மாட்டேன்.”

“எழுதித் தொலைக்காதே. எதையுமே எழுதாதே.” கார்த் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மிர்னா வந்து நின்றாள். லோர்ன் அவளை உட்காரச் சொல்லவில்லை. பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுநூற்று சொச்சம் பெயர்கள். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் சண்டை போட்டு வெளியேற்றப்பட்டவன் இருந்தான். ஒரே ஆட்டத்தில் சொந்த வலையில் கோல் போட்டு, மறுநாளே பேருந்து ஏறி வீட்டுக்குப் போனவன் இருந்தான். வெட்கப்படுகிற மாதிரி ஏதாவது செய்தவர்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள். எதையும் செய்யாதவன் மட்டும் வெளியே. லோர்ன் பேனாவை எடுத்து, பாட்டர்சனுக்கும் பெலிஷ்கோவுக்கும் நடுவே ஒரு வரி எழுதினார்:

‘பாவ்லுக், லோர்ன். கோல்கீப்பர். 1978. ஒரு ஆட்டம், நாற்பத்தொரு விநாடி. எதிர்கொண்ட அடி ஒன்று. விட்ட கோல் ஒன்று.’

அதற்குப் பிறகு தாளை மிர்னாவிடம் கொடுத்தார். அவள் படிக்காமல் பைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

விழா மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், அரங்கத்திலேயே விருந்தோடு. ஐஸ் மேல் பலகை போட்டு மேஜைகள் வைத்திருந்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு புத்தகம். முன்னுரையை யாரும் திறக்கவில்லை. லோர்ன் பல வாரம் செதுக்கிய முதல் அத்தியாயத்தையும் திறக்கவில்லை. நானூறு பேரும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய்த் தங்கள் பெயரைத் தேடினார்கள். அகர வரிசையில் பாவ்லுக்குக்கு அடுத்திருந்த பெலிஷ்கோதான் முதலில் கண்டுபிடித்தான்.

“யோவ், இது என்ன கூத்து? 1978ல லோர்ன் ஒரு கோல் விட்டிருக்கான்.”

மேஜை மேஜையாக விஷயம் போனது. லோர்ன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் சூடாக இருந்தன. வரட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று தயாராக இருந்தார். வந்தது வேறு. மிர்னா வந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

“நீ இருக்கியே. யாருக்கு வரும் இந்த மனசு?”

“என்ன மனசு?”

“கார்த்துக்காகப் பழியை நீ ஏத்துக்கிட்டே. சாகறதுக்குள்ள அவன் மேல இருக்கிற கறையைத் துடைக்கணும்னு. எனக்குப் புரியாதா?”

“மிர்னா, நான்தான் விட்டேன்.”

“ஆமாம்ப்பா, ஆமாம்.” அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள்.

பாதிரியார் எழுந்து வந்து கை குலுக்கினார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்றார். லோர்ன் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் மகானாகிக்கொண்டே போனார். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தால் இதுதான் கதி என்று தோன்றியது.

அந்தப் பக்கம் கார்த்துக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவர் மேஜையில் யாரும் கேலி செய்யவில்லை. சர்க்கரையைத் தள்ளச் சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் தோளில் கை வைத்தார்கள். “இத்தனை வருஷம் உன்னை ரொம்பப் படுத்திட்டோம், கார்த். உள்ளுக்குள்ள இவ்வளவு வேதனைன்னு தெரியாமப் போச்சு” என்றான் பல் மருத்துவன். ஒரு கிழவி அவருக்குத் தன் பங்கு ஆப்பிள் பணியாரத்தைக் கொடுத்தாள். புகை இயந்திரத்தை யாரோ மரியாதையாக வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தைந்து வருடக் கேலியை அசராமல் தாங்கிய மனிதரால் ஐந்து நிமிடப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. முகம் சிவந்து மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினார்.

“எல்லாரும் கேளுங்க. லோர்ன் தியாகி இல்ல. அவன்தான் விட்டான். அந்தக் கோல் அவனோடது.”

“அப்போ நீ எங்கேய்யா இருந்தே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கார்த் அரங்கத்தின் கூரையைப் பார்த்தார். இரண்டு தேர்தல்களில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு யோசித்ததில்லை.

“கழிவறையில” என்றார். “பதினாலு முட்டைக்கோஸ் சுருள். முழுக் கவசத்தோட. பட்டையெல்லாம் அவிழ்க்கவே ஒரு நிமிஷம் ஆச்சு. அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தி யாரும் கேக்காதீங்க.”

அரங்கத்தில் எழுந்த சிரிப்பு போன்ற ஒன்றை அந்த அணி ஐம்பது வருடத்தில் எந்த ஆட்டத்துக்கும் வாங்கியதில்லை. பல் மருத்துவன் மேஜையில் தலையை வைத்துவிட்டான். எல்லோரும் கேட்டார்கள். எந்த ஒரு நிமிஷத்தைக் கேட்கக் கூடாதோ அதையேதான் கேட்டார்கள். கார்த்தைச் சுற்றி நாற்காலிகள் இழுபட்டன. அவர் முதலில் தயங்கி, பிறகு கைகளை அசைத்து, பிறகு எழுந்து நின்று நடித்துக் காட்டத் தொடங்கினார். அடுத்த தேர்தலில் நின்றால் ஜெயிப்பார் என்று லோர்னுக்குத் தோன்றியது.

லோர்னின் மேஜை காலியாகிவிட்டது. மிர்னாகூட அங்கே போய்விட்டாள், போகும்போது தான் கட்டிப்பிடித்ததற்கு லேசாக முறைத்துவிட்டு. சூப் ஆறியிருந்தது. அவர் கரண்டியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார்.

வயதானவர்கள் ஊன்றி நடக்கும் நடைச்சட்டம் ஒன்று பலகையில் தட்டித் தட்டி வரும் சத்தம் கேட்டது. ஐவி டோர்வால்ட். தொண்ணூற்றொரு வயது. முப்பத்தாறு பருவங்கள் ஆட்டக் குறிப்பு எழுதியவள். ஒரு தாளிலும் அடித்தல் திருத்தல் இல்லை என்று பெயர் வாங்கியவள். வந்து அவர் எதிரே நின்றாள்.

“அப்போ என் தாள் தப்பு” என்றாள்.

“ஆமாங்க.”

“நாற்பத்தொரு விநாடின்னு யாரு கணக்கெடுத்தது?”

“நான்தாங்க. உள்ளே போனப்பவும் கடிகாரத்தைப் பார்த்தேன், கோல் விழுந்தப்பவும் பார்த்தேன்.”

“கடிகாரத்தைப் பார்த்தியா? பக்கைப் பார்க்கலையா?”

லோர்ன் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்கேருந்து அடிச்சான்?”

“நடுக்கோட்டிலேருந்து.”

“எந்த வழியாப் போச்சு?”

“ரெண்டு காலுக்கு நடுவுல.”

ஐவி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கால்களின் அருகே பார்வை கொஞ்சம் தங்கியது. “என் வீட்டுப் பூனை படுத்துத் தூங்கியிருந்தாலே மறிச்சிருக்கும். என் வீட்டுக்காரர் அந்தக் கோலுக்காகச் சாகிற வரைக்கும் கார்த்தைத் திட்டினார், தெரியுமா? கடைசி வாரம் ஆஸ்பத்திரியில கூடத் திட்டினார். தப்பான ஆளைத் திட்டிட்டே போய்ச் சேர்ந்துட்டார் மனுஷன்.”

“மன்னிச்சுக்கங்க.”

“மன்னிக்கறதுக்கு இல்ல, திட்டறதுக்கு வந்திருக்கேன். அவர் பங்கும் சேர்த்து.” அவள் நடைச்சட்டத்தை ஓரமாகத் தள்ளினாள். “நின்னு திட்ட முடியல. அந்த நாற்காலியை இழு.”

லோர்ன் எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்து, சூப்பை ஒதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுங்க” என்றார்.